சும்மாதான் பார்க்கிறேன்

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். செலவு கிடையாது. சாப்பாடெல்லாம் முடிந்து, ஆளுக்கொரு மூலையில் செல்போனோடு ஒதுங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, முதலில் வீட்டு ஆம்பளையிடம் போங்கள். அப்பாவோ, அண்ணனோ, பிள்ளையோ, யாராக இருந்தாலும் சரி. ‘என்ன பார்க்கறீங்க?’ என்று கேளுங்கள். தலையைக்கூடத் தூக்காமல் பதில் வரும்: ‘சும்மா...’

அடுத்து, வீட்டுப் பெண்ணிடம் அதே கேள்வி. சும்மா வராது. காரணம் வரும். ‘நாளைக்கு டிபனுக்கு என்ன பண்றதுன்னு பாத்துட்டிருந்தேன்’, ‘பையனோட ஸ்கூல் குரூப்ல ஹோம்வொர்க் போட்டிருக்காங்க’, ‘கேஸ் புக் பண்ணிட்டு வெச்சிர்றேன்’, ‘காலேஜ் நோட்ஸ்ப்பா’. கொஞ்சம் உற்றுக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். காரணம் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் விரல் திரையை மாற்றியிருக்கும். அப்படி என்ன பார்த்துக்கொண்டிருந்தாள்? யாரோ ஒருத்தி தனியாக பைக் ஓட்டிக்கொண்டு லடாக் போன வீடியோவாக இருக்கும். தப்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் கணக்கு காட்டியாக வேண்டும் என்று மனசுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நான் படித்தது பி.காம். கணக்கு என்ற வார்த்தை காதில் விழுந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். ஒரே வீடு, ஒரே மாதிரி டேட்டா பேக், இரண்டு பேர். ஒருவர் செலவுக்கு வவுச்சரே கிடையாது. இன்னொருவர் ஐந்து நிமிஷத்துக்கும் வவுச்சர் வைக்கிறார். இதை ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள். முதல் ஆள் முதலாளி, இரண்டாவது ஆள் சிப்பந்தி என்று ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இந்த ‘சும்மா’ என்ற வார்த்தை நம் வீடுகளில் படுகிற பாட்டைச் சொல்லி முடியாது. ‘ஒய்ஃப் என்ன பண்றாங்க?’ என்று யாராவது கேட்டால், ‘வீட்லதான், சும்மா இருக்காங்க’ என்கிறோம். விடியற்காலையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை வைப்பதில் ஆரம்பித்து, ராத்திரி பதினோரு மணிக்குப் பால் பாத்திரம் கழுவி வைக்கிற வரை ஓடுகிறவளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. அதே பெண் மத்தியானம் இருபது நிமிஷம் போனை எடுத்தால், ‘சதா போனும் கையுமா இருக்கா’. வேலை செய்யும்போது சும்மா இருக்கிறாள். நிஜமாகவே சும்மா இருக்கும்போது காரணம் சொல்கிறாள்.

இது வீட்டுச் சில்லறை விவகாரம், இதில் போய் தத்துவம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. வயது வந்த ஒரு மனுஷி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அது எதுக்கு என்று அவள் யாருக்காவது சொல்லியாக வேண்டுமா? ‘பொண்ணுங்களுக்கு டெக்னாலஜி வராது’, ‘ஆம்பளப் பசங்களுக்கு அது இயல்பு’ என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளம்பிய கிளைகள் என்று நினைக்கிறேன். எங்கள் ஏரியாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி. முதலில் கிடைத்த ஊர்களில் சென்னையும் ஒன்று. அப்போது அது இன்னும் மெட்ராஸ். ஆனால், மவுன்ட் ரோட்டுக்கு வந்தது பாலத்தைத் தாண்டி ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் வர வழக்கம்போல சில வருஷம் ஆயிற்று. 2000 வாக்கில் டி.ஹெச். ரோடு நெடுக பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவரே பக்கத்தில் ஒரு பிளைவுட் தடுப்பு போட்டு நாலு கம்ப்யூட்டர் வைத்துவிடுவார். மணிக்கு 20, 30 ரூபாய். ஆளை மறைக்கிற கேபின், அதற்குள் ஒரு டேபிள் ஃபேன், தூசி வாசனை.

உள்ளே யார்? பசங்க. அசோக் லேலண்டில், எம்.ஆர்.எஃப்.பில், என்ஃபீல்டில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். ஹார்பர் லேபர் வீட்டுப் பிள்ளைகள். என்ன செய்தார்கள் என்று கேட்டால்... சும்மாதான். யாஹூ சாட்டில் முகம் தெரியாத யாரிடமோ வயசு, ஊர் கேட்டார்கள். ரஜினி படம் டவுன்லோட் பண்ணினார்கள். பார்க்கக்கூடாததையும் பார்த்தார்கள், அதை மறைப்பானேன்? நடுவில் மெஷின் ஹேங் ஆகும். சென்டர்காரர் வருவதற்குள் பையனே பின்னால் ஒயரைப் பிடுங்கிச் செருகுவான். வைரஸ் வந்தால் ஃபார்மட் பண்ணக் கற்றுக்கொண்டான். அடுத்த வருஷம் அதே சென்டரில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்கடுத்த வருஷம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை போட்டவனும் உண்டு. திட்டம் போட்டு எவனும் படிக்கவில்லை. அத்தனை படிப்பும் அந்த வெட்டிப் பொழுதில்தான் நடந்தது.

பெண்கள் எப்போது வந்தார்கள்? பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு. மூன்று மூன்று பேராக, கையில் ஹால் டிக்கெட்டோடு, கூட ஒரு தம்பியோ மாமாவோ. சென்டர்காரரே நம்பரைத் தட்டுவார், மார்க்கைப் படித்துச் சொல்வார், பிரின்ட் எடுத்துக் கையில் கொடுப்பார். கீபோர்டைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள். காரணம் முடிந்துவிட்டது அல்லவா? வேலை முடிந்த பிறகும் கேபினில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பற்றி அந்தத் தெருவில் என்ன பேச்சு வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், சென்டர்காரருக்கும் தெரியும்.

பத்து வருஷம் கழித்து, அந்தப் பையனையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ‘பாருங்க, பசங்களுக்குக் கம்ப்யூட்டர் இயல்பா வருது’ என்றால் எப்படி? ஒருவனுக்கு ஆயிரம் மணி நேரம், இன்னொருத்திக்குப் பத்து நிமிஷம். அதை இயல்பு என்கிறோம்.

இத்தனைக்கும் அந்தக் கீபோர்டு புதுசு இல்லை. நான் பி.காம் படித்த காலத்தில், காமர்ஸ் என்றாலே டைப்ரைட்டிங் க்ளாஸும் சேர்த்துத்தான். ராயபுரத்துச் சந்துகளில் மாடிக்கு மாடி ஒரு இன்ஸ்டிட்யூட். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. உள்ளே போனால் பாதிக்கு மேல் பெண்கள். பத்து விரலும் தனித்தனியாகப் பேசும் அவர்களுக்கு. நாங்கள் இரண்டு விரலால் குத்திக்கொண்டிருப்போம். அப்போது யாரும் ‘மெஷின் பொண்ணுங்களுக்கு வராது’ என்று சொல்லவில்லை. ‘டைப்படிக்கிறது பொம்பளைங்க வேலைப்பா’ என்றார்கள். எழுத்து வரிசைகூட மாறாமல் அதே கீபோர்டு ரெமிங்டனின் அடியிலிருந்து மானிட்டரின் அடிக்கு வந்தது. சம்பளமும் மரியாதையும் ஏறின. உடனே அது ஆம்பளை வேலையாகிவிட்டது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1946-ல் ஃபிலடெல்ஃபியாவில் எனியாக் என்ற ராட்சசக் கம்ப்யூட்டரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதற்கு புரோகிராம் போட்டவர்கள் ஆறு பெண்கள். ஒயர் மாற்றுவதும் சுவிட்ச் போடுவதும் குமாஸ்தா வேலை என்று நினைத்ததால் அவர்களிடம் கொடுத்திருந்தார்கள். அறிமுக விழாவில் அவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உண்மையான மூளை வேலை அதுதான் என்று பிற்பாடு புரிந்தபோது, அந்த நாற்காலியில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது கையில் போன் வந்துவிட்டதே, கேபினெல்லாம் போய்விட்டதே என்பீர்கள். 2019-21ல் நடந்த தேசிய குடும்பநல சர்வேயின் கணக்கு இது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில், வாழ்நாளில் ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தியவர்கள் 33.3 சதவிகிதம். ஆண்களில் 57.1. கவனியுங்கள், கேள்வி ‘தினமும் பார்க்கிறீர்களா’ என்பதல்ல. ‘ஒரு தடவையாவது’. அதே சர்வேயில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கிற பெண்கள் 53.9 சதவிகிதம். அதாவது, கையில் போன் இருந்தும் இன்டர்நெட் பக்கமே போகாதவர்கள் கோடிக்கணக்கில். விலை, சிக்னல், எழுத்தறிவு எல்லாம் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால், ஒரே கூரையின் கீழ் அண்ணனுக்கும் தங்கைக்கும் சிக்னல் ஒன்றுதானே?

‘சார், நீங்க பேசுவீங்க. பொண்ணைப் பெத்தவனுக்குத்தான் வயித்துல நெருப்பு’ என்று உங்களில் ஒருவர் இப்போது பத்திரிகையை மடக்கியிருப்பார். எனக்கும் பெண் இருக்கிறாள். அந்த நெருப்பு எனக்கும் உண்டு. அதனால் இதைத் தட்டிக்கழிக்காமல் பேசிவிடலாம்.

2004 பிப்ரவரியில் சென்னை சைபர் கிரைம் போலீஸிடம் ஒரு பெண் புகார் கொடுத்தார். விவாகரத்தானவர். குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவன் அவரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு, அவர் மறுத்திருக்கிறார். அவன் அந்தப் பெண்ணின் பெயரிலேயே போலி இ-மெயில் கணக்கு திறந்து, யாஹூ குழுக்களில் அசிங்கமாக எழுதிப் போட்டான். அவர் போனுக்கு எங்கிருந்தெல்லாமோ ஆண்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். போலீஸ் அவனை மும்பையில் பிடித்தது. அதே வருஷம் நவம்பர் 5-ம் தேதி எழும்பூர் கோர்ட்டில் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கைச் சொல்கிறார்கள். நம்ம ஊர் வழக்கு இது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பெண் அந்தக் குழுக்களுக்குப் போகவே இல்லை. அவர் பெயரில் போனவன் ஓர் ஆண். அவர் வாழ்நாளில் கம்ப்யூட்டரையே தொடாதவராக இருந்திருந்தாலும் இது நடந்திருக்கும். ஒரு ஃபோட்டோவும் ஒரு போன் நம்பரும் வெளியே யாரிடமாவது இருந்தால் போதும். அப்படியானால், பெண்ணை இன்டர்நெட்டிலிருந்து தள்ளிவைத்தால் அவள் பத்திரம் என்பது எந்தக் கணக்கு? பூட்டு போட்டது நம் வீட்டு வாசலில். திருடன் நுழைந்தது வேறெங்கோ. மிஞ்சியது, உள்ளே இருப்பவளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாமல் போனது மட்டும்தான்.

2016-ல் சேலம் பக்கத்தில், தன் முகத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்ட கொடுமையில் ஒரு பட்டதாரிப் பெண் உயிரை விட்டார். போலீஸ் காட்டிய மெத்தனம் பெரிய செய்தியானது. அதைவிட மனசை அறுத்த விஷயம், பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அவர் எழுதி வைத்திருந்தார் என்று பத்திரிகைகளில் வந்தது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல நான் யார்? அந்த இடத்தில் எத்தனை வீடுகளில் முதல் கேள்வியே, ‘நீ எதுக்கு அங்க போன?’ என்றுதான் வரும், யோசியுங்கள். பொள்ளாச்சி விவகாரம் 2019-ல் வெடித்தது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதிலும் அந்தக் கும்பல் நம்பியிருந்தது எதை? வீடியோவை மட்டுமா? ‘இவ வீட்ல சொல்ல மாட்டா’ என்பதைத்தான். மிரட்டுகிறவனின் முதலீடே அந்த வீட்டுப் பயம். அந்த மூலதனத்தை அவனுக்கு வட்டியில்லாமல் கொடுத்துவைத்திருப்பது நாம்தான். ‘எதுக்குப் போன?’ என்ற கேள்வி வராது என்று ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அவள் முதல் நாளே வந்து சொல்லிவிடுவாள். அவன் திவால்.

அதற்காகப் பன்னிரண்டு வயசுக் குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு நாம் டி.வி. பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு வேண்டும். அந்தச் சட்டம் பையனுக்கும் பொண்ணுக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றாகவா இருக்கிறது? ஆன்லைன் ரம்மியில் பணம் தொலைத்து நம் மாநிலத்தில் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்தது! உயிரை விட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 2022-ல் நீதியரசர் கே.சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது, கோர்ட்டுக்குப் போனது. 2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராக மத்திய அரசும் சட்டம் போட்டது. இத்தனை அமளியிலும் ‘ஆம்பளைங்க கைல போன் கொடுக்காதீங்க’ என்று ஒரே ஒரு ஊர்ப் பெரியவராவது தீர்ப்பு சொல்லியிருப்பாரா? ஆண் கெட்டால் விளையாட்டைத் தடை செய்கிறோம். பெண்ணுக்கு ஆபத்து என்றால் பெண்ணைத் தடை செய்கிறோம். குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்து சூரஜ் கிராமத்தில் 2016-ல் கல்யாணமாகாத பெண்கள் செல்போன் வைத்திருந்தால் 2,100 ரூபாய் அபராதம் என்றே ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். காட்டிக்கொடுத்தவருக்கு 200 ரூபாய் பரிசு வேறு. அந்த ஊராவது நேராகச் சொன்னது. நாம் அதையே ‘உன் நல்லதுக்குத்தாம்மா’ என்று சொல்கிறோம்.

இந்த ‘நல்லதுக்கு’ என்ற சொல்லை ஒரு மாணவி கோர்ட்டுக்கே இழுத்தார். கேரளாவில் கோழிக்கோடு பக்கம் சேளன்னூரில் ஒரு கல்லூரி. பெண்கள் ஹாஸ்டலில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. படிப்பில் கவனம் இருக்கட்டுமே என்ற அக்கறை. விதிக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், இந்தப் பெண் மாட்டேன் என்றார். ஹாஸ்டலை விட்டு அனுப்பினார்கள். 2019 செப்டம்பர் 19-ம் தேதி கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.ஆஷா தீர்ப்பளித்தார். இன்டர்நெட்டை அணுகுவது கல்வி உரிமையிலும் சேரும், அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையிலும் சேரும் என்று சொல்லி, அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்.

கல்வி உரிமை என்ற பாதியை எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் பெரிசு. கல்வி என்பது காரணம். அந்தரங்கம் என்றால், காரணம் கேட்காதே என்று அர்த்தம்.

காரணம் கேட்காமல் கிளம்புவது என்றதும் எனக்கு எங்கள் பட்டினத்தார் ஞாபகம் வருகிறார். திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் அவருடைய சமாதிக் கோயில் இருக்கிறது. பெரிய வியாபாரி. கப்பல் கப்பலாகச் சரக்கு ஏற்றியவர் என்பார்கள். ஒரு நாள் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கோவணத்தோடு கிளம்பினார். ஊர் ஊராகச் சுற்றினார். இப்போதும் கும்பிடுகிறோம். காரைக்கால் அம்மையாரும் வியாபாரக் குடும்பம்தான். புருஷன் விட்டுப் போன பிறகு அவர் கிளம்ப நினைத்தபோது, முதலில் இறைவனிடம் கேட்டது என்ன? இந்த அழகான உடம்பு வேண்டாம், பேய் வடிவம் கொடு. அதை வாங்கிக்கொண்டுதான் தனியாக நடந்தார். பக்தியில் இதற்கு ஆயிரம் விளக்கம் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த பெண்களின் வாட்ஸ்அப் படங்களை வரிசையாகப் பாருங்கள். ரோஜாப்பூ, முருகர், குழந்தையின் சிரிப்பு, சூரிய உதயம். முகம் கிடையாது. ஆண்கள் பக்கம் வாருங்கள். கறுப்புக் கண்ணாடி, புல்லட், ஜிம்மில் மடக்கிய கை! வீதியில் இறங்கும் முன் தன் உருவத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது, இன்னும்.

ஆண்களுக்கும் இதில் ஒரு தண்டனை உண்டு. எல்லாம் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டும். ஃபேக்டரியில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயரான பெரியவர், பென்ஷன் லைஃப் சர்ட்டிஃபிகேட்டை ஆன்லைனில் போடத் தெரியாமல் மூன்று நாள் தனியாகப் போராடுவார். பக்கத்து ரூமில் மருமகள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவாள். கேட்க மாட்டார். ‘சர்வர் டவுன்’ என்பார்.

இதே கடற்கரை ஓரமாகத் தெற்கே போனால் புதுச்சேரி. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. நடத்திய தொண்டர்களில் நிறைய பேர் கிராமத்துப் பெண்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், ஆண்கள் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்கள். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில் அந்த மாதிரி மையத்தின் ஒலிபெருக்கிதான் ஜனங்களை வெளியேறச் சொல்லி உயிர்களைக் காப்பாற்றியது. பெண்களும் இன்டர்நெட்டும் சேர்ந்தால் குடி மூழ்கிவிடும் என்று அங்கே யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லவும் மாட்டார்கள். காரணம் ஊருக்காக இருந்ததே!

எண்ணூரிலும் ஒரு ராத்திரி அப்படி. 2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், கைக்குழந்தையோடு தெருவில் ஓட்டம். விடிவதற்குள் மொத்தத் தமிழ்நாட்டுக்கும் விஷயத்தைச் சொன்னது ஜனங்களின் போன்கள்தான். அதன் பிறகு மாதக்கணக்கில் நடந்த போராட்டத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்கள்தான் ஜாஸ்தி. அந்த நேரத்தில் ஒரு பெண்ணால் இருட்டில் வீடியோ எடுத்து, சுருக்கி, நாலு குரூப்புக்கு அனுப்ப முடிகிறது என்றால், அதை எங்கே கற்றிருப்பாள்? நாத்தனார் வீட்டு வளைகாப்பு வீடியோவை அனுப்பி அனுப்பித்தான். ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே கற்ற வித்தை அது.

ஆனால், இப்படிப் பலன் சொல்லி வாதாடுவதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. பார்த்தீர்களா, நானும் பெண்களுக்காகக் காரணம் தேட ஆரம்பித்துவிட்டேன். சுனாமி வந்தால் உதவும், அமோனியா கசிந்தால் உதவும்... பையனுக்கு ரீசார்ஜ் பண்ணும்போது எந்த அப்பாவாவது சுனாமியை நினைத்தா பண்ணுகிறார்?

காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. முப்பது வருஷமாக மீன் விற்கிறார். ஏலத்தில் அவர் கண்ணசைத்தால் கூடை நகரும். விடியற்காலை இருட்டில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை சொன்னால் பெரும்பாலும் அதுதான் விலை. பணம் அவர் இடுப்புச் சுருக்குப்பையில்தான் இருக்கும், அந்த வீட்டில் இது வரை யாரும் அதில் கை வைத்ததில்லை. மூன்று வருஷமாக அவர் பலகையின் மேல் ஒரு க்யூ.ஆர். கோடு அட்டை சாய்த்து வைத்திருக்கிறது. காசு கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எல்லாரும் அட்டையைத்தான் படம் பிடிக்கிறார்கள். பணம் போய் விழுவது மகனுடைய கணக்கில். மெசேஜ் வருவது மகன் போனுக்கு. ராத்திரி, ‘இன்னிக்கு எவ்ளோடா வந்துது?’ என்று அக்கா அவனைக் கேட்க வேண்டும். சுருக்குப்பை இருந்த வரைக்கும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளைதான், ஏமாற்ற மாட்டான். ஆனாலும் லெட்ஜர் கை மாறிவிட்டது.

அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. அது மட்டும் அவர் பெயரில் இருக்கிற கணக்குக்கு வரும். ஓ.டி.பி.? அதுவும் மகன் நம்பருக்கு. கணக்கு திறந்தபோது யாரோ அந்த நம்பரை எழுதிவிட்டார்கள். போன மாதம் மகள் ஒரு பழைய போனைக் கொடுத்து, தமிழில் பேசினாலே தேடுகிற வித்தையைக் காட்டியிருக்கிறாள். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்ததும் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஜப்பானில் சூரை மீன் ஏலம் விடுவதைப் பார்க்கிறார். ‘அங்க இன்னா வெலக்கு போவுது தெரியுமா கண்ணு? நம்மளுது எல்லாம் சும்மா!’

புது நம்பரைத் தன் கணக்கில் ஏற்றச் சொல்லி பேங்குக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, ‘பையன் நம்பர்தான் இருக்கே, அப்புறம் எதுக்கும்மா?’ என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கூட்டம் வேறு. திரும்பி வந்துவிட்டார்.

மறுபடி எப்போது போவீர்கள் என்று கேட்டேன். சீசன் நேரத்தில் பலகையை விட்டு நகர முடியாதாம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிக்கும். அறுபத்தொரு நாள் போட் கடலுக்குப் போகாது. அதில் ஒரு நாள் காலையிலேயே போய் நிற்கப் போவதாகச் சொன்னார். பாஸ்புக்கும் ஆதாரும் ஒரு மஞ்சள் பையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.